பார்த்தெழுதிய வாக்குறுதி

"பாட்டுக் காணும், நிப்பாட்டு! எழுதித் தாடா!"

சினிமாக் கொட்டகையில், பெண்கள் பக்கத்திலிருந்து இப்படி ஒரு குரல் எழும்பினால் யார்தான் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்கள்? முழுக் கொட்டகையும் திரும்பியது. நான் மட்டும் திரும்பவில்லை. ஏனென்றால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என் கட்சிக்காரியின் குரல்.

திரையில் கதாநாயகன் ஒரு மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "காலம் வரும் கண்ணே, காலம் வரும்" என்று பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கென்ன, அவன் மெட்ராஸில் படம் பிடிக்கப்பட்டவன். புத்தளத்தில் ஒருத்தி எழும்பி நின்று திட்டுவது அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? தொடர்ந்து பாடினான்.

பக்கத்து வாங்கில் இருந்த புடைவைக்கடை ஹாஜியார் என் பக்கம் சரிந்தார். "புரொக்டர், யாரு அந்தப் பொம்புள?"

"எனக்கென்ன தெரியும் ஹாஜியார்" என்றேன்.

இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் பொய்யைக் கோர்ட்டில் பிடித்துக் கொடுப்பது என் தொழில். சொந்தமாக ஒன்று சொல்ல ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை.

இது நடந்தது மூன்று வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை, மெட்டினிக் காட்சியில். பள்ளிவாசலுக்குப் போகிற மனுஷன், புரொக்டர், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு – உமக்குச் சினிமாவில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வழக்கு வேலை. நம்புங்கள். (என் மனைவி இன்னும் நம்பவில்லை.)

கட்சிக்காரிக்கு றோசலின் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றித்தான் எழுதுவேன் என்று சொன்னபோது அவள் சிரித்தாள். "மாத்துங்கோ ஐயா. எத்தாளையில ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும். மிச்ச ஊர்க்காரருக்குத்தானே உங்கட மாத்தல்."

எத்தாளையில் அவள் தையல்காரி. வயது இருபத்தேழு. கற்பிட்டியிலிருந்து முந்தல் வரைக்கும் கத்தோலிக்கக் கலியாணம் எங்கே நடந்தாலும், மணப்பெண்ணின் வெள்ளைச் சட்டை பெரும்பாலும் இவளுடைய கத்தரிக்கோல் பட்டதாகத்தான் இருக்கும். தகப்பன் கடலோடு போய்விட்டார். தாயும் இல்லை. வளர்த்தது சின்னம்மா. அந்தச் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு, தோணியில் களப்பைக் கடந்து, ஒருநாள் காலை என் கந்தோருக்கு வந்தாள்.

கதிரையில் உட்காரவில்லை. பூசைப் புத்தகத்தைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஐயா, இது வாக்குறுதிதானே?"

வாசித்தேன். 'என் உயிரின் ஒளியே, றோசலின்! சூரியன் தன் திசை மறந்து மேற்கில் உதித்தாலும், சமுத்திரம் வற்றி மணற்காடானாலும், உன்னையன்றி வேறொரு மங்கையை நான் மணந்துகொள்ளேன்…' இப்படியே போய், 'தலவில் அன்னம்மாள் திருநாள் முடிந்து வரும் திங்கட்கிழமை உன் சின்னம்மாவிடம் வந்து நாள் குறிப்பேன். இது சத்தியம்' என்று முடிந்தது. கீழே கையொப்பம் – பிலிப்பு.

"அருமையான தமிழ்" என்றேன். உண்மையாகவே அசந்துபோனேன். "ஆள் யார்? வாத்தியாரா?"

"முந்தல் பக்கம் தென்னந்தோட்டத்தில கிளாக்கர்."

ஒரு கிளாக்கருக்கு இவ்வளவு தமிழா என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நம் படிப்பு இவ்வளவுதான்.

கதை நீளமில்லை. கோயில் திருநாள் ஒன்றில் பழக்கம். இரண்டு வருடம் பிலிப்பு சைக்கிளில் எத்தாளைக்கு வந்து வந்து போனார். பிறகு இந்தக் கடிதம். தலவில் கோயில் திருநாள் வந்தது, முடிந்தது. திங்கட்கிழமையும் வந்தது. பிலிப்பு மட்டும் வரவில்லை. சிலாபத்தில் தென்னங்காணிச் சீதனத்தோடு ஒரு பெண் அமைந்துவிட்டது. கோயிலில் ஓலை வாசிப்பதுதான் பாக்கி – இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சுவாமியார் மூன்று ஞாயிறு அறிவிப்பாரே, அது.

"போனால் போகிறான்" என்றேன்.

"போகட்டும் ஐயா. ஆனா அவர்ர மாமா கோயில் முத்தத்தில நிண்டு, 'எங்கட பெடியன் ஒரு வாக்கும் குடுக்கேல்ல, தையல்காரிதான் பின்னால திரிஞ்சவ' எண்டு சொல்லியிருக்கார். இவர் பக்கத்தில நிண்டவராம். வாயே துறக்கேல்லயாம்."

"சரி…"

"கலியாணச் சட்டை தைக்கத் தந்த துணிய மூண்டு வீட்டுக்காரர் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தன் கைவிட்டவளிட கையால தைச்சா ராசியில்லையாம்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சின்னம்மாதான் முந்தானையை எடுத்தார்.

"நட்ட ஈடு கேட்போமா?" என்றேன்.

"காசு வேணாம் ஐயா. வாக்குக் குடுத்தது மெய்யெண்டு அவரே சொல்ல வேணும். அவ்வளவுதான்."

காசு வேண்டாம் என்று சொல்கிற கட்சிக்காரரை என் வாழ்நாளில் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். என் கிளாக்கர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஒப்பந்தம் என்றால் என்ன? கற்பிட்டிக் கரையில் வள்ளங்கள் வரும் நேரம் போய் நின்றால் போதும், புத்தகம் வேண்டாம். வியாபாரி ஒரு கூடையைக் காட்டி விலை கேட்கிறான். மீன்காரன் "சரி" என்கிறான். ஒப்பந்தம் முடிந்தது. "சரி" சொல்லாமல் வேறொரு விலையைச் சொன்னானா? வியாபாரியின் பேச்சு அந்த இடத்திலேயே செத்தது. இனி மீன்காரனின் பேச்சுக்கு வியாபாரி "சரி" சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே கூடையைத்தான் நினைத்திருக்க வேண்டும். ஒருவன் பாரையையும் மற்றவன் சூடையையும் நினைத்திருந்தால் அது ஒப்பந்தமில்லை, சண்டை. இரண்டு பேருக்கும் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். கள்ளுக் கொட்டிலில் பேசிய பேரத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

இங்கிலீஷ்காரன் சட்டத்தில் இன்னொன்றும் வேண்டும் – வாக்குக்குப் பதிலாக ஏதாவது கைமாற வேண்டும். நமக்கு அது தேவையில்லை. நம்மை ஆள்வது இங்கிலீஷ்காரன் என்றாலும், இந்த விஷயத்தில் நம்மைக் கட்டுவது அவனுக்கு முன்னால் இங்கே ஆண்ட ஒல்லாந்தன் சட்டம். அவன் கற்பிட்டியில் ஒரு கோட்டையை விட்டுப் போனான். என் மேசையில் ஒரு சட்டத்தை விட்டுப் போனான். கோட்டையில் வௌவால் குடியிருக்கிறது. சட்டத்தில் நான்.

ஒல்லாந்தன் கேட்பது ஒரே கேள்விதான்: மெய்யாக நினைத்துத்தான் சொன்னாயா?

மீனுக்கு வாய்ச்சொல் போதும். தென்னங்காணிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும். கலியாண வாக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நொத்தாரிசு வேண்டாம், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். ஊரைக் கூட்டி ஒலிபெருக்கியில் சத்தியம் செய்தாலும், எழுத்தில் இல்லையென்றால் கோர்ட் காதைப் பொத்திக்கொள்ளும். எழுத்தில் இருந்தாலும், "போய்க் கட்டிக்கொள்" என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். நட்ட ஈடு கொடு என்றுதான் சொல்லுவார். கட்டாயத்தில் வந்த மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சட்டம் முடிந்தது. மூச்சு விடுங்கள்.

றோசலினிடம் எழுத்து இருந்தது, கையொப்பம் இருந்தது. நான் மகிழ்ச்சியோடு பிலிப்புக்கு நோட்டீஸ் அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. எழுதியவர் சிலாபத்துப் புரொக்டர், என்னோடு லோ காலேஜில் படித்தவர். அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: 'மேற்படி கடிதம் என் கட்சிக்காரரின் வாக்குறுதி அல்ல. "வசந்தமல்லிகா அல்லது வாக்குத் தவறிய வாலிபன்" என்னும் நாவலின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டது. வெறும் இலக்கியப் பயிற்சி. மெய்யான எண்ணம் எதுவும் இல்லை.'

இலக்கியப் பயிற்சி!

முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. ஒல்லாந்தனின் ஒரே கேள்வியும் அதுதானே? மேடையில் நடிகன் தாலி கட்டினால் அது கலியாணமா? நாடகத்தில் வருகிற சத்தியத்தை எவனோ வாசித்தால் அது சத்தியமா?

மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குப் போனபோதும் கடிதத்தைக் கையோடு கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கொண்டே மனைவி ஸபியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொண்டே, நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னாள்: "கடைசியில 'இது சத்தியம்' எண்டு மூணு தரம் வரணுமே. அவன் ஒண்டோட நிப்பாட்டிட்டானா?"

பிசைந்த கையோடு நிமிர்ந்தேன். "உனக்கெப்படித் தெரியும்?"

"இந்தக் கடுதாசியத் தெரியாத ஆள் புத்தளத்தில நீங்க ஒராள்தான்."

எழுந்து போய் என் புத்தக அலுமாரியைத் திறந்தாள். தோல் அட்டை போட்ட என் சட்டப் புத்தகங்கள் நாலைந்தை விலக்கி, பின்னாலிருந்து ஒரு நாவலை எடுத்தாள்.

"இங்கயா வைத்திருக்கிறாய்?"

"அந்தப் புத்தகங்கள நீங்களே எடுக்க மாட்டீங்க. அத விடப் பத்திரமான இடம் எங்க இரிக்கி?"

நாவலை வாங்கி, கடிதத்தோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் நாவலை முடித்தேன், கந்தோரில், வழக்குப் பைலுக்குள் வைத்து. நானூறு பக்கம். கதாநாயகன் சந்திரகாந்தன் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறான். ரங்கூனுக்குக் கப்பலேறுகிறான். அங்கே பணக்காரப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறான். வசந்தமல்லிகா இங்கே இருமத் தொடங்குகிறாள். அவன் திரும்பி வரும்வரை இருமி, வந்ததும் நாற்பது பக்கத்துக்கு மன்னித்து, நாற்பத்தோராவது பக்கத்தில் உயிரை விடுகிறாள். ஸபியாவுக்கு அந்த இடத்தில் இப்போதும் கண்ணீர் வருகிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவளிடம் பதினேழு கடிதங்கள் இருந்தன, அத்தனையிலும் கையொப்பம்! இருமிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு புரொக்டரிடம் போயிருக்கக் கூடாதா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்திரகாந்தன் முதல்தர அயோக்கியன். ஆனால் அயோக்கியத்தனத்தை எழுத்தில் செய்தான்.

நாவல் என் வீட்டிலிருந்து எத்தாளைக்குப் போனது. றோசலினும் வாசித்தாள். தனக்கு வந்த கடிதத்தை அச்சில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? நான் கேட்கவில்லை. 

இந்த நேரம் பார்த்துத்தான் அதே கதை படமாகப் புத்தளத்துக்கு வந்தது. மாட்டு வண்டியில் மேளம் அடித்துக்கொண்டு நோட்டீஸ் எறிந்தார்கள்: 'நாவலில் உள்ளபடியே! எழுத்துக்கு எழுத்து!' (இதை நம்பி டிக்கட் வாங்கியவர் வழக்குப் போடலாமா என்று கேட்காதீர்கள். வியாபாரி தன் சரக்கைப் புகழ்வதைச் சட்டம் வாக்குறுதியாக எடுப்பதில்லை. இல்லையென்றால் நாட்டில் ஒரு கடை திறந்திருக்காது.)

றோசலின் ஆள் அனுப்பினாள். "சனிக்கிழமை படத்துக்கு வாறன். ஐயாவும் வர வேணும்."

"நான் எதற்கு?"

"கடுதாசி படத்தில வருதா எண்டு பாக்க, சாட்சிக்காம்" என்றார் வந்தவர்.

போனேன். பெண்கள் பக்கத்தில், திரைச்சீலைக்கு அந்தப்புறம், அவளும் சின்னம்மாவும். ஆண்கள் பக்கத்தில் ஹாஜியாரும் நானும், ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல.

எழுத்துக்கு எழுத்தாம்! நாவலில் ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை. யுத்தத்தால் அரிசிக்கும் சீலைக்கும் மட்டுமில்லை, பிலிமுக்கும் தட்டுப்பாடு. நானூறு பக்கத்தை இரண்டு மணித்தியாலத்தில் அடக்க வேண்டும், அதில் பாதி பாட்டு. ரங்கூன் ஒரு படுதாவில் வரைந்த கப்பலோடு முடிந்தது. நாவலில் என்னை நடுங்க வைத்த வில்லன் இங்கே வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுகிறான். வசந்தமல்லிகா நல்ல ஊட்டமான பெண். படம் முழுவதும் ஒரே ஒருமுறைதான் இருமினாள், அதுவும் தூசிக்குப் போலத் தெரிந்தது.

கடிதங்களைக் காணவே இல்லை. பதினேழில் ஒன்றுகூட இல்லை! டைரக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. காகிதத்தை எப்படி நடிக்க வைப்பது? ஆக, புத்தளத்துப் பெண்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த இருநூற்றுப் பதினான்காம் பக்கம், மாமரத்தடியில் ஒரு பாட்டாகப் போய்விட்டது. அந்த இடத்தில்தான் றோசலின் எழும்பி நின்றாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

முடிவும் மாறிவிட்டது. ரங்கூன் மனைவி திரைக்குப் பின்னாலேயே குதிரை வண்டியிலிருந்து விழுந்து, எல்லாருக்கும் வசதியாகச் செத்துப்போகிறாள். நாயகன் வந்து முழங்காலில் நிற்கிறான். நாற்பது பக்கத்து மன்னிப்பு அரை நிமிடத்தில் முடிகிறது. மாலை. சுபம். ஆண்கள் பக்கத்தில் கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. ஹாஜியார் மறையும்வரை ஒரு சோடாக் கடையில் ஒதுங்கி நின்றுவிட்டு, றோசலினிடம் போனேன். நாலு வார்த்தை ஏச வேண்டும் என்றுதான் போனேன். அவள் விடவில்லை.

"ஐயா, கவனிச்சீங்களா? அவன் நாள் சொல்லேல்ல!"

"எவன்?"

"படத்தில வாறவன். 'காலம் வரும், காலம் வரும்' எண்டு பாடுறான். எந்தக் காலம்? புத்தகத்தில இருந்தவனாவது 'தை பிறந்ததும் உன் தந்தையாரிடம் வந்து நாள் குறிப்பேன்' எண்டு எழுதினான். இவன் அதுவும்—"

நடுத்தெருவில் அப்படியே நின்றாள். கை வாய்க்குப் போனது.

"ஐயா, என்ர கடுதாசி எங்க?"

"கந்தோரில்."

"இப்பவே போவம்."

கந்தோரைத் திறந்து, கடிதத்தையும் நாவலையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்தோம். பெயரையும் குறைந்துபோன இரண்டு சத்தியத்தையும் விட்டால், வரிக்கு வரி அதேதான். சூரியன் அதே, சமுத்திரம் அதே. அச்சுக்காரன் விட்ட ஒரு பிழையைக்கூட மனுஷன் விசுவாசமாகப் பார்த்து எழுதியிருந்தான். நாவலில், 'தை பிறந்ததும் உன் தந்தையாரிடம்'. கடிதத்தில், 'தலவில் அன்னம்மாள் திருநாள் முடிந்து வரும் திங்கட்கிழமை உன் சின்னம்மாவிடம்'.

இரண்டு பேரும் இதை எத்தனை முறை வாசித்திருப்போம்! நான் நாவலைக் கடிதத்தில் தேடினேனே தவிர, நாவலில் இல்லாததைத் தேடவில்லை.

றோசலின் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. "எனக்கு அப்பா இல்லையெண்டதை நினைச்சுப் பாத்து எழுதியிருக்கார்" என்றாள். பிறகு, "இந்த வரி மட்டும் எனக்கு எழுதினது, என்ன ஐயா?"

துணிகளைத் திருப்பி வாங்கியதைச் சொன்னபோது அழாதவள், அப்போது அழுதாள். நான் யன்னலைத் திறப்பதுபோல் எழுந்து போனேன்.

அடுத்த வியாழக்கிழமை எல்லாரும் என் கந்தோரில் கூடினோம். பிலிப்பு, அவருடைய மாமா, சிலாபத்துப் புரொக்டர். இந்தப் பக்கம் றோசலினும், கையில் செபமாலையோடு சின்னம்மாவும். பிலிப்பை அன்றுதான் பார்த்தேன். சந்திரகாந்தனைப் போல ஒருவனை எதிர்பார்த்திருந்தேன். வந்தது மெலிந்த, பயந்த ஒரு மனுஷன். தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

சிலாபத்துப் புரொக்டர் தொடங்கினார். "பார்த்து எழுதினது எப்படியப்பா வாக்குறுதியாகும்?"

"நான் இருபத்திரண்டு வருடமாகக் காணி உறுதி எழுதுகிறேன்" என்றேன். "அதில் ஒரு வரிகூட என்னுடையதில்லை. எனக்கு முன்னால் இருந்த நொத்தாரிசைப் பார்த்து எழுதினேன். அவர் அவருக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்து எழுதினார். பார்த்தெழுதினது செல்லாது என்றால் இந்த மாகாணத்தில் ஒருவனுக்கும் காணி கிடையாது. உம்முடைய கட்சிக்காரருக்கு வரப்போகிற சீதனக் காணி உட்பட."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எண்ணம் வேண்டுமே, எண்ணம்?" என்றார்.

நான் நாவலைப் பிலிப்பின் முன்னால் தள்ளினேன். "தலவில் திருநாள் இதில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டுங்கள், தம்பி."

பிலிப்பு புத்தகத்தைத் தொடவில்லை. தொப்பி சுற்றுவது நின்றது.

"அது… நான் போட்டது."

"டேய், பேசாத!" என்றார் மாமா.

"இல்ல மாமா. மெய்யா நினைச்சுத்தான் போட்டனான்." றோசலினைப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் மறந்துவிட்டார்போல இருந்தது. "இப்பவும் நீ ஓம் எண்டு சொன்னா, சிலாபத்துக்காரருக்கு இல்லையெண்டு சொல்லிடுறன்."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சின்னம்மாவின் கையில் செபமாலை நின்றது. சிலாபத்துப் புரொக்டர் பையைக் கட்டத் தொடங்கினார். என் கிளாக்கர் யாரும் சொல்லாமலே தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினார். நானும்தான்… உண்மையைச் சொல்கிறேன், நானும் சுபம் என்று மனதில் எழுதிவிட்டேன்.

"வேணாம்" என்றாள் றோசலின்.

"ஏன்டி மகள்! அவரே வாறன் எண்டுறாரே!" என்றார் சின்னம்மா.

"இண்டைக்கு ரெண்டு புரொக்டர்மார் பாத்துக்கொண்டிருக்க வாறார் சின்னம்மா. கலியாணம் முடிச்ச பிறகு ஒவ்வொரு நாளும் புரொக்டர்மார் வருவாங்களா?"

சிலாபத்துப் புரொக்டர் கட்டத் தொடங்கின பையை மறுபடி திறந்தார். வாய்க்குக் கூலி வாங்குகிற எங்கள் இரண்டு பேருக்கும் அங்கே வேலையில்லை.

அவள் பிலிப்பைப் பார்த்துச் சொன்னாள்: "நடந்தது என்னெண்டு ஒரு கடுதாசியில எழுதுங்கோ. புத்தகத்தப் பாக்காம. உங்கட சொல்லில."

காகிதமும் பேனாவும் கொடுத்தேன். பாவம், அந்த மனுஷன் பட்ட பாடு! முக்கால் மணித்தியாலம். இரண்டு காகிதத்தைக் கிழித்தார். வியர்வை சொட்டியது. தேத்தண்ணி வந்து ஆறிப்போனது. கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:

'றோசலினுக்கு. கலியானம் முடிக்கிறேன் என்று நான் சொன்னது மெய். நீ பின்னால் திரியவில்லை. நான்தான் வந்து வந்து போனேன். காணி என்றதும் புத்தி மாறிவிட்டது. மாமா சொன்னது பொய். நான் பக்கத்தில் பேசாமல் நின்றது அதைவிடப் பிளை. பிலிப்பு.'

எழுத்துப்பிழைகளையும் சேர்த்து, அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"முதலே இப்பிடி எழுதியிருந்தா…" என்று தொடங்கினாள்.

"எழுதியிருந்தா?" என்றார் பிலிப்பு.

அவள் கடிதத்தை மடித்தாள். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

இரண்டு பேர் சேர்ந்து கட்டிய ஒப்பந்தத்தை இரண்டு பேரும் சேர்ந்து அவிழ்க்கலாம். சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் அது. 'உம்முடைய வாக்கிலிருந்து உம்மை விடுகிறேன்' என்று றோசலின் எழுதிக் கையொப்பமிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை: ஞாயிறு பூசை முடிந்ததும், எத்தாளைக் கோயில் முற்றத்தில், பிலிப்பின் கடிதத்தை மாமாவே வாசிக்க வேண்டும். மாமா குதித்தார். சிலாபத்துப் புரொக்டர் அவரை வெளியே கூட்டிக்கொண்டுபோய், கோர்ட்டில் இதைச் சத்தமாக வாசிப்பவர் இன்னும் நன்றாக வாசிப்பார் என்று எடுத்துச் சொன்னார். மாமா சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போகவில்லை. நடந்ததைச் சின்னம்மா வந்து சொன்னார். மாமா முணுமுணுவென்று வாசித்தாராம். பின்னால் நின்ற மீன்காரர்கள், "கேக்கேல்ல! உரத்து வாசியுங்கோ!" என்று கத்தினார்களாம். ஆக இரண்டு தரம் வாசிக்க வேண்டி வந்ததாம்.

துணியைத் திருப்பி வாங்கிய மூன்று தாய்மாரில் ஒருத்தி செவ்வாய்க்கிழமை அதே பார்சலோடு வந்து வாசலில் நின்றாளாம். என்ன சொன்னாய் என்று றோசலினைக் கேட்டேன். "என்னத்தச் சொல்ல? திரும்ப அளவெடுக்க வேணும், உள்ள வாங்கோ எண்டன்" என்றாள். மற்ற இரண்டு பேரும் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். எல்லாக் கதையும் முழுசாக முடிவதில்லை.

சிலாபத்துச் சம்பந்தம்? செய்தி அங்கேயும் போயிருக்கிறது. அந்தப் பெண் கலியாணத்தை நிறுத்தவில்லை. ஆனால் தனக்கும் பிலிப்பின் சொந்தக் கையால் ஒரு கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். மனுஷன் தோட்டத்துக் கந்தோரில் உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நாவல் நல்லதா, படம் நல்லதா என்று எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. ஸபியா நாவல் பக்கம். இருமல் இல்லாத வசந்தமல்லிகா ஒரு வசந்தமல்லிகாவா என்கிறாள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை. நாவல்காரர் அவளை அந்த அயோக்கியனுக்காகச் சாக வைத்தார். படக்காரர் அவனையே கட்டிவைத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறின தேத்தண்ணியைக் குடிக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவர்களுடைய கதாநாயகிக்குத் திங்கட்கிழமை காலை எழும்பிச் சட்டை தைக்க வேண்டியிருக்கவில்லை, அதனாலாக இருக்கும்.

உங்களுக்கு வந்த காதல் கடிதத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா, பெண்களே? கிழித்துவிடாதீர்கள் – ஆள் சொந்தமாக எழுதியிருக்கிறான்!